தொடைக் காயமும் 201 திருட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மகள் கோ-கோவில் டைவ் அடித்துத் தொடையெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்தாள், "பொட்டப் பிள்ளைக்குத் தழும்பு விழலாமா" என்று உன் மாமியார் ஆட்டத்தையே நிறுத்தச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் நம் சரளைக்கல் மைதானம் கண்ணுக்குள் வந்துவிட்டது. காயத்தில் பாவாடை ஒட்டிக்கொள்ளும், ராத்திரி தண்ணீர் விட்டு விட்டுத்தான் பிய்த்தெடுப்போம், நினைவிருக்கிறதா?

அப்புறம் எனக்கு ஞாபகம் வந்தவர் சோஃபி குரிஸ். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரத்துப் பெண். 1943-இல், ஆண்களெல்லாம் போருக்குப் போய்விட்டால் பேஸ்பால் மைதானங்கள் காலியாகிவிடுமே என்று சூயிங்கம் முதலாளி ஃபிலிப் ரிக்லி பெண்களுக்கு ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார். அந்த முதல் சீசனிலேயே, 18 வயதில், ரசீன் பெல்ஸ் அணிக்கு ஆட வந்துவிட்டார் குரிஸ். வாரச் சம்பளம் 45 முதல் 85 டாலர் வரை, அந்தக் காலத்துக்கு நல்ல காசுதான். ஆனால் கூடவே வந்த சட்டங்களைக் கேள்: பொது இடத்தில் பேன்ட் போடக் கூடாது, முடியைக் குட்டையாக வெட்டக் கூடாது, லிப்ஸ்டிக் எப்போதும் இருக்க வேண்டும், மீறினால் முதல் முறை 5 டாலர் அபராதம், அடுத்த முறை 10. பகலெல்லாம் பயிற்சி எடுத்துவிட்டு மாலையில் நளினமாக நடக்கவும் உட்காரவும் வகுப்பு வேறு. ஆடும் உடை என்ன தெரியுமா? முட்டிக்கு மேலே நிற்கும் குட்டைப் பாவாடை!

அந்தப் பாவாடையோடுதான் அவர் பேஸ் திருடினார். பேஸ் என்றால் ஓடிப்போய்த் தொட வேண்டிய இடம், மூன்றையும் வரிசையாகத் தொட்டு, கிளம்பிய வீட்டு பேஸுக்குத் திரும்பினால் ஒரு ரன். பிட்சர் பந்தைப் போடும் அந்தக் கணத்தில் அடுத்த பேஸுக்குப் பாய்ந்தோடி, பெரும்பாலும் கடைசி சில அடிகளை மண்ணில் சறுக்கியே போய்த் தொடுவார்கள், அதைத்தான் திருட்டு என்கிறார்கள். 1946-இல் மட்டும் 203 முறை முயன்று 201 முறை திருடியிருக்கிறார். ஆண்களின் மேஜர் லீக்கில் நவீன காலத்துச் சாதனையே 130 தான், அதுவும் 1982-இல் வந்தது. இந்த 201-ல் எத்தனை முறை வெறுந்தொடை மண்ணில் உரசியிருக்கும் என்று நினைத்துப் பார். ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி தோல் உரியும். மெத்தை மாதிரி எதையோ கட்டிப் பார்த்தார், ஓட இடைஞ்சலாக இருந்ததால் தூக்கிப் போட்டுவிட்டார். கடைசியில் அணிப் பெண்களைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த மேற்பார்வைக்காரப் பெண்மணிதான், காயத்தில் துணி ஒட்டாமல் இருக்க, நடுவில் ஓட்டை விட்டு வடை மாதிரி ஒரு கட்டு செய்து கொடுத்தாராம். நமக்கு அப்படி யாரும் செய்து தரவில்லையே!

அந்த வருஷ இறுதிப் போட்டியைச் சொல்லாமல் எனக்கு முடியாது. ராக்ஃபோர்ட் பீச்சஸ் அணியோடு, 14-ஆவது இன்னிங்ஸ் வரை இரண்டு பக்கமும் ஒரு ரன்கூட இல்லை. குரிஸ் அடித்து முதல் பேஸுக்கு வந்தார், இரண்டாவதைத் திருடினார், மூன்றாவதற்கும் கிளம்பிவிட்டார், அந்த நேரம் பார்த்து அவர் அணியின் பெட்டி ட்ரெஸ்ஸா பந்தை அடிக்க, நிற்காமல் ஓடி வீட்டு பேஸில் சறுக்கி விழுந்தார். 1-0. கோப்பை ரசீனுக்கு.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே ஆறாது. 1954-இல் மூடும்வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பினப் பெண்ணைக்கூடச் சேர்க்கவில்லை. தேர்வுக்குப் போன மேமி ஜான்சனைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் 1953-இல் இண்டியானாபொலிஸ் க்ளவுன்ஸ் அணியில் ஆண்களுக்கு எதிராகப் பந்து வீசினார், பிறகு நர்ஸாக வேலை பார்த்தார். குரிஸும் ஆட்டத்தை விட்ட பிறகு இயந்திர பாகங்கள் செய்யும் தொழிலுக்குப் போய்விட்டார். 87 வயதுவரை இருந்தார், 2013-இல்தான் காலமானார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையை நிறுத்தாதே. மாமியாரிடம் நானே பேசுகிறேன், பொங்கலுக்கு வரும்போது. அதுவரை காயத்தைத் தண்ணீரில் கழுவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டு. நாம் போட்ட மாதிரி மஞ்சளை அப்பிவிடாதே. முட்டி மறைக்கும் ட்ராக் பேன்ட் இரண்டு பார்சலில் அனுப்பியிருக்கிறேன், இடுப்பு கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், நாடாவை இறுக்கிக் கட்டச் சொல். மண்டலப் போட்டி என்றைக்கு என்று எழுதவே இல்லையே, தேதி சொல், லீவு போட வேண்டும்.

உன் பழைய கோ-கோ கூட்டாளி