குலசையில் யாரும் ஒளிந்து திரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரன்பட்டினம் (எங்களுக்குக் குலசை) தசரா பற்றி நீங்கள் போட்ட செய்திக்கு 'மாறுவேடத்தில் குவிந்த பக்தர்கள்' என்று தலைப்பு. அதனால் எங்கள் வீட்டில் சண்டையே வந்துவிட்டது. என் தாய்மாமா பல வருஷமாகக் காளி வேஷம் போடுகிறவர், மாலை போட்டு விரதமிருந்து, சடைமுடி, கிரீடம், கண்மலர், வீரப்பல் எல்லாம் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி முத்தாரம்மன் கோயில் உண்டியலில் சேர்க்கிறவர். "யாருக்குல பயந்து ஒளிஞ்சு திரியுதேன் நான்?" என்று, என்னவோ தலைப்பு வைத்ததே நான்தான் என்பது போல என்னிடம் கத்துகிறார்.

அவர் கேட்பது நியாயம்தான். ஆள் யாரென்று தெரியக்கூடாது என்று போட்டுக்கொள்வதுதான் மாறுவேடம். ராஜா ராத்திரியில் நகர்வலம் போவது, போலீஸ்காரர் லுங்கி கட்டிக்கொண்டு திருடனைப் பிடிக்கப் போவது, இதெல்லாம். (பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததோ, பாரதியார் மீசையோடு மேடையில் நிற்கிற பிள்ளையை அம்மா முதல் வரிசையிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.) குலசையில் காளியோ குறவன் குறத்தியோ குரங்கோ, எது போட்டாலும் அது நேர்த்திக்கடன்.

வேஷத்தோடு சேர்கிற வினைச்சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் பக்கம் வேஷம் 'போடுகிறோம்'. வட மாவட்டத் தெருக்கூத்தில் 'கட்டுகிறார்கள்', புஜக்கட்டை, கிரீடம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்து கயிற்றால் உடம்போடு இறுக்கிக் கட்டுவதால் அங்கே அந்தச் சொல்தான் பொருந்தும். அடியார்கள் திருவேடம் 'பூணுகிறார்கள்'. மெய்ப்பொருள் நாயனார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், உடம்பெல்லாம் நீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்த பகை அரசன் முத்தநாதனுக்கு அது மாறுவேடம், குத்துப்பட்டு விழும்போதும் 'தத்தா, நமர்' (இவர் நம்மவர்) என்று காவல்காரன் தத்தனைத் தடுத்த நாயனாருக்கோ அது திருவேடம். ஒரே கோலத்துக்கு ரெண்டு சொல், பார்க்கிற ஆளைப் பொறுத்து.

அப்புறம், அதே செய்தியில் உதட்டுச் சாயத்தைக்கூட அரிதாரம் என்று எழுதியிருந்தீர்கள். அரிதாரம் என்பது ஆர்சனிக் உள்ள மஞ்சள் நிறக் கனிமம். இப்போது மேக்கப் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஆகிவந்துவிட்டது, சரி, அதை விட்டுவிடலாம்.

அடுத்த தடவை 'வேடமணிந்த பக்தர்கள்' என்றாவது போடுங்கள். மாமா பத்திரிகையை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான்தான் அடுத்த தசரா வரை பார்ப்போம் என்று தள்ளிப்போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உடன்குடி