அப்பரைக் கரை சேர்த்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய அப்பர் சுவாமிகள், நம்ம கடலூர் கரையேறவிட்ட குப்பத்தில் கரை சேர்ந்த காட்சியைத் தஞ்சாவூர் பாணியில் ஆடி மாதத்தில் வரையத் தொடங்கினேன், பங்குனியில் இப்போதுதான் கடைசியாகக் கண்ணை வரைந்து அப்பருக்குக் கண் திறந்தேன்.

முதல் நன்றி மஞ்சக்குப்பம் ஆசாரி அண்ணனுக்கு. "சாமி படத்துக்கா? எடுத்துட்டுப் போம்மா" என்று பலகைக்குக் காசே வாங்கவில்லை. அதில் காடாத் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணாம்புத்தூளும் கோந்தும் கலந்து பூசித் தேய்த்து, நகையும் மண்டப வளைவும் வருகிற இடங்கள் மேடாகத் தெரிய மக்கு என்கிற கெட்டிப் பசையை வைத்து முடித்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேலே இறுகி உள்ளே ஈரமாகவே நின்ற மக்கு, ஒருநாள் காலையில் பார்த்தால் வளைவு முழுக்க வெடித்திருந்தது. உட்கார்ந்து அழுதேன். எதிர்வீட்டு அத்தைதான், "அழுதா காயுமா? சுரண்டி எடு, எங்க மாடி ரூம்ல வெச்சு மறுபடி போடு" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

கல்லை நான் படகு போல வளைத்து வரைந்திருந்தேன். ஓதுவார் ஐயா பார்த்துவிட்டு, "தெப்பமா மிதந்தாலும் கல்லு கல்லாவே இருக்கணும்மா, அப்பதான் அது அதிசயம்" என்றார். கடலில் தள்ளப்பட்டவர் கையில் புல் செதுக்கும் உழவாரம் எப்படி இருக்கும் என்று நான் தயங்கியதற்கு, "அது இல்லாம அவரை யாருக்கு அடையாளம் தெரியும்?" என்று கேட்டார். சரி என்று தோளில் சார்த்திவிட்டேன்.

22 காரட் தங்கத்தாளுக்குத் தன் சீட்டுப் பணத்தை அப்படியே தந்த தங்கைக்கும், அந்தத் தாளைப் படத்தில் ஒட்டும்போது அது பறந்துவிடாமல் இருக்க ஃபேன் போடாமல் வியர்த்துக்கொண்டு பேசாமல் இருந்த என் பிள்ளைகளுக்கும் நன்றி.

முகம் மட்டும் வரவே இல்லை. காலையில் குளித்து, விரதமிருந்து, பதிகம் ஓதிவிட்டு உட்கார்ந்தாலும் நான் வரைந்ததெல்லாம் வெற்றிச் சிரிப்பாகவே வந்தது. தேவனாம்பட்டினத்து மீனவர் அண்ணன் ஒருவர், படகு கவிழ்ந்து ஓர் இரவு முழுக்க நீந்தி வந்தவர், சொன்னார்: "கரையில காலு பட்டதும் சிரிப்பெல்லாம் வராதும்மா. மணலைத்தான் பார்ப்போம்." அன்றே முகத்தின் பழைய கோடுகளை அழித்தேன். இமையைத் தாழ்த்தி, பார்வையை மணலில் இறக்கி, ஈர வேட்டியைக் காலோடு ஒட்ட வைத்தேன். அதற்கப்புறம்தான் அப்பர் வந்தார்.

சித்திரையில் கரையேறும் விழாவுக்கு வருகிறவர்கள் அப்படியே வீட்டுக்கும் வாருங்கள், படம் கூடத்தில்தான் இருக்கிறது. தேவனாம்பட்டினத்து அண்ணே, நீங்கள் வந்து பார்த்த பிறகுதான் அதற்குக் கண்ணாடி போடுவேன்.