கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: விமானங்களை மட்டும் ஃபோம் பெட்டில போடாதீங்க

கமிட்டில இருக்கிற அண்ணன்களுக்கும் அக்காவுக்கும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து குட்டி மாடல் டாங்கி, விமானம் எல்லாம் வெச்சு மேஜை மேல போர் விளையாட்டு ஆட டைஸ் உருட்டுற எல்லா நண்பர்களுக்கும் வணக்கம்.

அடுத்த கூட்டத்துல குழு காசுல மாடல்களை வைக்க நாலு ஃபோம் பெட்டி வாங்க முடிவெடுக்கப் போறதா க்ரூப்ல பார்த்தேன். டாங்கிக்கும் காலாட்படைக்கும் தாராளமா வாங்குங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. விமானங்களை மட்டும் அதுல வைக்காதீங்கன்னு கேட்டுக்கத்தான் இதை எழுதுறேன். க்ரூப்ல சொன்னா பத்து நிமிஷத்துல மேல போயிடும், அதனாலதான் மடலாவே எழுதிட்டேன்.

சார் ஊரைவிட்டுப் போறப்போ நமக்குக் குடுத்துட்டுப் போன டிஃபையன்ட் செட் (ரெண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் சண்டை விமானம்) எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 1/300 அளவு, வெள்ளை உலோகத்துல (வெள்ளீயக் கலவை) வார்த்தது, இறக்கை இந்த முனைல இருந்து அந்த முனைக்கு 4 சென்டிமீட்டர்தான். இந்த செட் 264-வது ஸ்குவாட்ரனோடது (ஸ்குவாட்ரன்னா விமானப் படைப்பிரிவு), அதாவது பிரிட்டிஷ் விமானப்படைல "மெட்ராஸ் பிரசிடென்சி"ன்னே பேர் வெச்ச ஸ்குவாட்ரன், நம்ம மாகாணத்துல திரட்டுன நிதிக்காக அந்தப் பேரு. 264 பிரான்ஸ் கடற்கரைல இருக்கிற டன்கிர்க் மேல 1940 மே 29 அன்னிக்கு ஒரே நாள்ல 37 எதிரி விமானத்தை வீழ்த்துனதா கணக்கு குடுத்தாங்க, அந்தக் கணக்கு கூடுதல்னு பின்னாடி வந்தவங்க சொல்றாங்க, அது வேற விஷயம். ஆகஸ்ட்ல அவங்களுக்கே பலத்த அடி விழுந்து கடைசில ராத்திரிச் சண்டைக்கு மாத்திட்டாங்க. நம்ம ஊர் பேரு தாங்குன ஸ்குவாட்ரன்னுதான் சார் 12 விமானத்தையும் தன் கையால பெயின்ட் பண்ணார், பக்கவாட்டுல பி.எஸ்.ங்கிற ஸ்குவாட்ரன் குறியீட்டு எழுத்து எள்ளு அளவுக்கு இருக்கும், டரெட்ல (சுழலுற துப்பாக்கிக் கூண்டு) இருந்து நீட்டிக்கிட்டிருக்கிற துப்பாக்கிக் குழல் நாலும் குண்டூசி முனை மாதிரி.

லாக்டவுன் வந்தப்போ அதை ஃபோம் பெட்டியோட என் வீட்ல வெச்சேன், பதினோரு மாசம் திறக்கவே இல்ல. திறந்தப்போ வந்த வாடையே சரியில்ல. ஃபோம் மஞ்சளாகி, தொட்டா விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது, அமுக்குன இடம் மேல வரல, ஓரத்துல ரவை மாதிரி உதிருது. முதல் விமானத்தை மெதுவா எடுத்தேன், மெதுவாத்தான் எடுத்தேன், ஆனாலும் பி.எஸ். எழுத்து ஃபோம்லயே நின்னுடுச்சு, கூடவே இறக்கை மேல இருந்த வட்டச் சின்னத்துல பாதி. ரெண்டாவதுல துப்பாக்கிக் குழல் ஃபோம்ல மாட்டி டரெட்டே கழண்டு வந்துடுச்சு. மூணாவதுக்கு வால். அதுக்கப்புறம் கையை வைக்க மனசு வரல, பெட்டியைச் சுத்தியும் பிளேடால வெட்டிப் பிரிச்சுத்தான் மீதி ஒன்பதையும் வெளிய எடுத்தேன்.

இது அந்த ஒரு பெட்டியோட கோளாறு இல்லீங்க. இந்த மாதிரிப் பெட்டில வர்ற மெத்து மெத்துனு இருக்கிற ஃபோம் பெரும்பாலும் பாலியூரித்தேன், காத்துல இருக்கிற ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமா உடைக்கும், சூடு கூடினா இன்னும் வேகமா உடைக்கும். மியூசியத்துல வேலை பாக்குறவங்க எல்லாம் இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதிட்டு இருக்காங்க. குளிர் நாட்டுல பல வருஷம் தாங்குறது சென்னைல, அதுவும் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சுவரே வேர்க்கிற வீட்ல, அதே அளவு தாங்கும்னு எதிர்பார்க்க முடியாது.

ஃபோம் புதுசாவே இருந்தாலும் விமானத்துக்கு அது சரிப்படாது. டாங்கி ஒரு கட்டி, எந்தப் பக்கம் அமுக்கினாலும் தாங்கும். விமானம் அப்படி இல்ல, கனமெல்லாம் நடு உடம்புல, ரெண்டு பக்கமும் மெல்லிசா நீட்டிக்கிட்டு இறக்கை. ஃபோம்ல சொருகினா அமுக்கம் முழுக்க இறக்கை நுனிலதான் விழும். இரட்டை இறக்கை விமானம்னா நடுவுல இருக்கிற கம்பிக் கால்கள் எடுக்கிறப்போ ஒண்ணு, வைக்கிறப்போ ஒண்ணுன்னு போயிடும். எது எங்க தொடலாம்னு கேட்டீங்கன்னா என் பதில் இதுதான்: அடிவயிறு ஒண்ணைத் தவிர வேற எந்த இடத்துலயும் எதுவும் படக்கூடாது.

அதுக்கு வழி காந்தம். விமானத்தோட வயித்துல 3 மி.மீ நியோடைமியம் காந்தம் ஒண்ணு, தட்டுல இரும்பு ஷீட், அவ்வளவுதான். வெள்ளை உலோகம் காந்தத்துல ஒட்டாது, அதனால காந்தத்தைக் குழி போட்டுப் பதிக்கணும். ஃபெவிக்விக் வேண்டாம், அதிர்ச்சில பட்டுனு விட்டுடும், அதோட அதுல இருந்து வர்ற ஆவி காக்பிட் கண்ணாடியை வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆக்கிடும். காந்தத்தோட பளபள மேல்பூச்சை உப்புத்தாள்ல லேசா தேய்ச்சுட்டு அரால்டைட் பசை போடுங்க, ஒரு ராத்திரி விட்டுடுங்க. எல்லாக் காந்தத்துக்கும் ஒரே முனை வெளிய பார்க்கிற மாதிரி மார்க்கர்ல புள்ளி வெச்சுக்கிட்டு ஒட்டணும், விளையாடுறப்போ விமானத்தைத் தூக்கி நிறுத்துற குச்சி ஸ்டாண்ட் உச்சில இருக்கிற காந்தத்துக்கு எதிர் முனை. ஒண்ணு மாறினாலும் அந்த விமானம் எந்த ஸ்டாண்ட்லயும் உக்காராது.

தட்டுக்கு வீட்ல இருக்கிற எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துட்டு வந்துடாதீங்க, நானும் முதல்ல அதைத்தான் எடுத்தேன், நல்ல எவர்சில்வர்ல காந்தம் பிடிக்கவே பிடிக்காது. ஜிஐ ஷீட்டை (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு) ஏ4 அளவுக்கு வெட்டி வாங்கினா போதும், இல்லன்னா பட்டர் பிஸ்கட் வர்ற வட்டத் தகர டப்பா. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1/200 அளவுல ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தோட இறக்கை 5.6 செ.மீ வருது, ஒரு விமானத்துக்கு 7க்கு 6 செ.மீ கட்டம் குடுத்தா ஏ4 தட்டுல சரியா 12 நிக்கும். 1940-ல ஒரு ஸ்குவாட்ரன் மேல ஏறுறதும் 12 விமானமாத்தான். ஒரு தட்டு ஒரு ஸ்குவாட்ரன், எது காணோம்னு பார்த்த உடனே தெரிஞ்சுடும். லேன்காஸ்டர் மாதிரி பெரிய பாம்பர்தான் இடத்தை அடைக்கும், அதே அளவுல பதினஞ்சரை சென்டிமீட்டர், அதுக்குத் தனித் தட்டு போட்டுக்கலாம். காந்தத்துக்கு அடில சின்னதா ஒரு இரும்பு முளை வெச்சா ப்ரொப்பெல்லர் தட்டுல இடிக்காது.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா சொல்லணும். நம்ம கூட்டத்துக்குக் குழந்தைங்க வர்றாங்க. இந்தக் காந்தம் ரெண்டை முழுங்கினா குடலை நடுவுல வெச்சுக்கிட்டு ரெண்டும் ஒட்டிக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும். உதிரிக் காந்தம் மேஜை மேல இருக்கவே கூடாது, எண்ணி எடுத்து எண்ணி வைக்கணும், அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கிறேன்.

ஸ்டாண்டோட எடுத்துட்டுப் போறதை இன்னியோட நிறுத்திடலாம். ஸ்டாண்ட் மேல நிக்கிற விமானம் ஒரு குச்சி மேல வெச்ச கல்லு மாதிரி, ஸ்பீட் பிரேக்கர் ஒண்ணு போதும், குச்சி ஒடிஞ்சு அந்தத் துண்டு விமானத்தோட ஓட்டைக்குள்ளயே மாட்டிக்கும், அதை வெளிய எடுக்கிற கஷ்டம் எடுத்தவங்களுக்குத்தான் தெரியும். குச்சி எல்லாம் தனி டப்பால போகட்டும். ஸ்கூட்டர்ல கால் வைக்கிற இடத்துல பெட்டியை வைக்காதீங்க, ரோட்டுல இருக்கிற குழி ஒவ்வொண்ணும் நேரா அதுக்குத்தான் போகும், முதுகுப் பையில போட்டுக்கிட்டா நம்ம உடம்பு பாதி அதிர்ச்சியை வாங்கிக்கும். மத்தியான வெயில்ல கார்ல விட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க, ரெசின் இறக்கை தொங்கிடும். தொங்கிடுச்சுன்னா பதறாதீங்க, சுடுதண்ணில முக்கி நிமித்தி உடனே பச்சைத் தண்ணில பிடிச்சா நிக்கும்.

அப்புறம் அலமாரி. பிளைவுட் அலமாரி பேச்சும் அடிபடுது போல. ஈயம் கலந்த பழைய மாடல்களுக்கு மரத்துல இருந்து வர்ற அமில ஆவி ஆகாது, மேல வெள்ளையா மாவு மாதிரி பூத்துக்கிட்டே போய் உள்ள அரிச்சுடும், அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. பழைய இரும்பு பீரோ ஒண்ணு கிடைச்சா அதுவே போதும், உள்ள சிலிகா ஜெல் பை நாலு போட்டு மாசம் ஒருதடவை மாத்தலாம். அந்துருண்டை மட்டும் யாரும் போட்டுடாதீங்க, பழக்க தோஷத்துல போட்டுடுவோம், அதோட ஆவி பிளாஸ்டிக் மாடலை இளக்கிடும்.

சாருக்கு நான் இன்னும் விஷயத்தைச் சொல்லல. போன வாரம் போன் பண்ணப்போகூட "பசங்க எப்படி இருக்காங்க"ன்னு விமானங்களைத்தான் கேட்டார், நல்லா இருக்காங்க சார்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். உடைஞ்ச மூணுல ரெண்டுக்கு டரெட்டும் வாலும் 0.5 மி.மீ பித்தளைக் கம்பி வெச்சு சேர்த்தாச்சு, பி.எஸ். எழுத்து போனதை மட்டும் இன்னும் எழுதல, அதுக்கு என் கை நடுங்குது, பெயின்டிங் நல்லா வர்ற யாராவது ஒருத்தர் வந்து உக்காந்தா போதும்.

ஓட்டெடுப்புக்கு முன்னாடி எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க. 12 விமானத்தையும் ஒரே தட்டுல எடுத்துட்டு வரேன், கீழ துணியை விரிச்சு உங்க முன்னாடியே தட்டைத் தலைகீழாக் கவுத்து ஆட்டிக் காட்டுறேன். கைல எடுத்துப் பாக்கிறவங்க மூக்கையும் வாலையும் பிடிச்சு எடுங்க, இறக்கையைப் பிடிக்காதீங்க.