அடிஸ் அபாபாவுக்கு ஒரு நன்றி மடல்

எத்தியோப்பியத் தலைநகரில் எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் அங்கிருந்த நாட்களில் ஒரு வேளைகூட என்னைத் தனியாகச் சாப்பிட விடவில்லை அந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

விடுதி வரவேற்பில் இருந்த தங்கைக்கு முதல் நன்றி. அங்கே பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நமக்குக் காலை எட்டு என்றால் அவர்களுக்கு இரண்டு. இரண்டு கணக்கையும் அருகருகே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். போன இடமெல்லாம் அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருந்தது.

உதகையைவிடச் சற்று உயரமான ஊர் அது. 2,300 மீட்டருக்கும் மேல். என்டோட்டோ மலையில் எனக்கு மூச்சு வாங்கியபோது டாக்சி அண்ணன் வண்டியை நிழலில் நிறுத்தி, பேசிக்கொண்டே காத்திருந்தார். சுற்றிலும் நின்ற தைல மரங்கள் மெனலிக் மன்னர் காலத்தில் விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கக் கொண்டுவரப்பட்டவையாம். முதுகொடிய விறகு சுமந்து இறங்கும் பெண்களைக் கண்டதும் அவர் பேச்சை நிறுத்தி எழுந்து நின்றார்.

புதன்கிழமை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாள்; இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. சைவக்காரனான எனக்கு அன்று விருந்துதான். டெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இன்ஜெரா, அதன்மேல் பருப்பு, கீரை, ஷிரோ என்னும் கடலை மாவுக் குழம்பு. பக்கத்து மேசைக் குடும்பம் தங்கள் தட்டுக்கே என்னை அழைத்துக்கொண்டது. அந்த வீட்டு அம்மா ஒரு கவளம் உருட்டி, பெற்ற பிள்ளைக்கு ஊட்டுவதுபோல என் வாயில் வைத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

காபிக்கடைப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, ஜெபெனா என்னும் மண்கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவது சுற்றான பரக்காவையும் குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். பள்ளியில் தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இந்தியர் என்றார். பேரரசர் ஹைலே செலாசி ஆட்சியில் நம் நாட்டு ஆசிரியர்கள் ஏராளமானோர் அங்கே பணியாற்றினார்கள். எந்த ஊர்க்காரர் என்று மட்டும் அவருக்கு நினைவில்லை. காசு கொடுக்க என்னை விடவேயில்லை.

அக்காலத்தில் எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பெரியவரின் வணக்கத்தை உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள்.