கூட்டாதே, துடை

கண்ணு,

நீ அனுப்பின வீடியோவை அம்மா பத்துத் தடவை பார்த்துவிட்டாள். நான் ஒரு தடவை பார்த்தேன். அப்புறம் சத்தம் வைத்து இன்னொரு தடவை. நீ மாவுக்கல்லில் கடைந்த கிண்ணம் நன்றாக வந்திருக்கிறது. அடி வளையம் சுற்றிலும் ஒரே கனம், வாயில் ஒரு பிசிறு இல்லை. தேங்காயெண்ணெய் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறம் கறுத்து வந்ததே, அந்த இடத்தில் அம்மா "அட" என்றாள். முப்பது வருஷம் கல்சட்டி கடைந்தவன் சொல்கிறேன், என் முதல் சட்டிக்கு இந்த வாய் அமையவில்லை. பெரியவனிடம் காட்டினேன். தன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றான். அவனைத்தான் உனக்குத் தெரியுமே.

பதினைந்து நாளாக நீ பேசவில்லை. வேலை இருக்கும். அதைக் கேட்க இதை எழுதவில்லை.

வீடியோவில் நடுவே கடைசல் மெஷினை நிறுத்திவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாய். மாஸ்க் கழுத்தில் தொங்குகிறது. அம்மா அதைக் கவனிக்கவில்லை, கிண்ணத்தைத்தான் பார்த்தாள். பெங்களூரில் இப்போது பனி என்று சொல்கிறார்கள், அதற்காகப் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு கடையாதே. கதவைத் திறந்து வை. மாஸ்க்கை மூக்கில் போடு. துணி மாஸ்க் ஆகாது, என்95 வாங்கு.

வேலையில் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். கிண்ணத்தின் அடியில் பள்ளம் எடுத்து, மெஷினில் கல்லைப் பிடிக்கிற சக்கின் தாடையை உள்ளேயிருந்து விரித்துப் பிடித்திருக்கிறாய். மரம் என்றால் தாங்கும். மாவுக்கல் அழுத்தினால் பொறுக்கும், விரித்தால் பிளந்துவிடும். நகத்தால் கீறினாலே கோடு விழுகிற கல் அது. கழிவு மரத்துண்டு ஒன்றைக் கல்லில் ஒட்டி, மரத்தை சக்கில் பிடி. நாங்கள் அரக்கு காய்ச்சி ஒட்டுவோம், நீ உன் பசையில் ஒட்டிக்கொள். ஒட்டுவதற்கு முன்னால் கல்லைத் தட்டிப் பார். கணீரென்றால் எடு, பொத்தென்றால் உள்ளே விரிசல் நரம்பு ஓடுகிறது, தூரப் போட்டுவிடு. இதெல்லாம் எந்த வீடியோவில் சொல்கிறார்கள்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

தண்ணீர் தெளித்துக் கடைந்தால் தூசு பறக்காது, சேறாகக் கீழே விழும். ஆனால் மோட்டார் பக்கம் ஒரு சொட்டு போகக்கூடாது. பாலிஷ் போடும்போதும் வாட்டர் பேப்பரை நனைத்தே தேய். முடிந்ததும் துடைப்பத்தைத் தொடாதே. கூட்டினால் அடங்கின தூசு மறுபடி எழும்பும். கூட்டாதே, ஈரத்துணியால் துடை. வீட்டு வாக்வம் கிளீனரும் வேண்டாம். பொடித்தூசைப் பின்பக்கமாகத் திரும்ப ஊதிவிடும்.

அடுத்து கொட்டாங்குச்சியும் மாட்டுக்கொம்பும் கடையப் போகிறாயாம், அம்மா சொன்னாள். கொட்டாங்குச்சி சரி. கொம்பு கடைந்தால் முடி கருகின வாடை வரும், அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தத் தூசும் தூசுதான். மாஸ்க் போடு.

மாடு கன்று போட்டிருக்கிறது. கிடேரி. அதை அப்புறம் எழுதுகிறேன்.

போன மாதம் படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று சேலத்துக்குப் போய்க் காட்டினேன். அம்மாவுக்கு இரும்பு வாங்கப் போனதாகச் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், பேர் கேட்கவில்லை, என்ன தொழில் என்றுதான் கேட்டார். தாத்தாவுக்கு டி.பி. என்று இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தோமே, அந்த ஞாபகம்தான் வந்தது.

உங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் உடம்பு பார்ப்பார்களாமே. அதில் நெஞ்சுக்கும் படம் எடுப்பார்களா?

ஊரில் எல்லாரிடமும் நான் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். தூசு ஆகாது என்றுதான் பெண்ணை மெஷினில் உட்கார விடவில்லை என்று. அது பொய் கண்ணு. தூசைப் பற்றி அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? மாவு மாதிரி இருக்கிறது, மாவுக்கல் என்கிறோம், என்ன செய்துவிடும் என்றுதான் இருந்தேன். எட்டாவது படிக்கும்போது உளியைக் கொடு என்று கை நீட்டினாய். பொம்பளைப் பிள்ளை கடைசல் பிடித்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று துடைப்பத்தைக் கொடுத்தேன். பெரியவனை உட்கார வைத்தேன், அவன் தூங்கி வழிந்தான். தினமும் சாயங்காலம் பட்டறையைக் கூட்டினது நீதான். புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்குள் வருவாய், பாட்டி வந்துவிட்டாள் என்று நானே சிரித்திருக்கிறேன். கடைந்த எனக்காவது தூசு முன்னால்தான் பறந்தது. கூட்டின உன்னைச் சுற்றி எழும்பியது.

கர்நாடகத்துப் பேளூருக்குப் போனபோது சென்னகேசவர் கோயில் தூணைத் தடவி, 1117-இல் கடைந்த கல் பார், நம்ம கல்தான், நம்ம வேலைதான் என்று எல்லாரும் கேட்கும்படி பீற்றிக்கொண்டேன். இவ்வளவு பெரிய தூணுக்கு எவ்வளவு தூசு விழுந்திருக்கும், அதை யாரப்பா கூட்டினார்கள் என்று நீ கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இரண்டு கல் போட்டு விடுகிறேன். தட்டிப் பார்த்துவிட்டேன், இரண்டும் கணீர். கூட ஒரு உளி இருக்கும். தாத்தா பழைய அரத்தைக் காய்ச்சி அடித்தது, பெரியவனுக்கென்று பரண்மேல் கிடந்தது. சாணை பிடித்து வைத்திருக்கிறேன். கைப்பிடி என் கைக்குப் போட்டது. உனக்குப் பெரிதாக இருந்தால் நீயே ஒன்று கடைந்து மாட்டிக்கொள்.

அப்பா

மூட்டை பிரிக்கும்போதும் மாஸ்க் போடு. சாக்கு பட்டறைச் சாக்கு.