நொதிய அளவு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

இலவச ஈரல் பரிசோதனை முகாம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், 'நொதிய அளவு சரியாக இருந்தோருக்கு ஈரல் நோய் இல்லை' என்று எழுதப்பட்டிருந்தது. இது தவறான நம்பிக்கையை ஊட்டும். முகாமில் அளக்கும் ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. என்னும் நொதியங்கள் இரண்டும் சிதைந்த கலங்களிலிருந்து குருதியில் கசிபவை. ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. அதைக் காட்டுவன ஈரல் ஆக்கும் அல்புமின் புரதம், பித்த நிறமியான பிலிருபின், குருதி உறையும் நேரம் ஆகியவை. ஈரல் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் முற்றியவரிடம் சிதைவதற்கு எஞ்சியிருக்கும் கலங்களே குறைவு. அதனால் நொதியம் இயல்பாகவே வரலாம். மறுபுறம், ஏ.எஸ்.ரி. தசையிலும் செங்குருதிக் கலத்திலும் உண்டு. மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்த குருதியோ, வெயிலில் கிடந்த மாதிரியோ கலம் உடைந்து வந்து சேர்வதை ஆய்வுகூடத்தில் அடிக்கடி காண்கிறோம். அதில் வரும் ஏ.எஸ்.ரி. உயர்வுக்கு ஈரல் பொறுப்பல்ல.

முகாம்களில் முழுக் குருதிக் கலக் கணக்கையும் சேர்த்தால், ஈரல் தழும்பேற்றத்தை மதிப்பிடும் ஃபிப்-4 சுட்டியைக் கணிக்கலாம்: வயதை ஏ.எஸ்.ரி.யால் பெருக்கி, குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையாலும் (ஆயிரங்களில்) ஏ.எல்.ரி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். 60 வயது, ஏ.எஸ்.ரி. 40, ஏ.எல்.ரி. 36, சிறுதட்டு 1,10,000 என்றால் விடை 3.6. நொதியங்கள் பார்வைக்கு அமைதியானவை; ஆனால் சுட்டி 2.67க்கு மேல் என்றாலே முற்றிய தழும்பேற்றத்தைச் சந்தேகிக்க வேண்டும். 1.3க்கும் குறைந்தால் (65 வயதைக் கடந்தோருக்கு 2) ஆபத்து குறைவு. ஏற்பாட்டாளர்கள் இச்சுட்டியை அறிக்கையிலேயே அச்சிட்டு, உயர்ந்தோரை ஈரல் விறைப்பு ஸ்கானுக்கு அனுப்ப வேண்டும்.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
யாழ்ப்பாணம்.