சித்திரையில் நடக்கவிருக்கும் இடைக்காலத் திருவிழா: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்தையும் உன் வீட்டாரின் நலத்தையும் அறிய விழைகிறேன்.

நீ குடியேறியிருக்கும் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து லான்ட்ஸ்ஹூட் நகரத்தைப் பற்றி எழுதியிருந்த பக்கங்களை எங்கள் திருவிழாக் குழுவின் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். போலந்து இளவரசி ஹெட்விக்கை பவேரிய இளவரசர் கேயார்க் 1475ஆம் ஆண்டு மணந்ததை, 1903 முதல் அந்நகரத்து மக்களே நடித்துக் காட்டி வருகிறார்கள் என்பதையும், இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அவ்விழாவில் இரண்டாயிரம் பேருக்கு மேல் வேடமிடுகிறார்கள் என்பதையும், ஆண்கள் பொய்முடி வைத்துக்கொள்ளாமல் மாதக்கணக்கில் தலைமுடி வளர்த்துக் காத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எங்கள் இளைஞர்கள் வியந்துபோனார்கள். நாமும் அவ்வாறே ஓர் அரச ஊர்வலம் நடத்தலாம் என்ற பேச்சு அன்றைக்கே வலுத்துவிட்டது. அந்தப் பேச்சு எங்கே தொடங்கி எங்கே வந்து நின்றது என்பதைத்தான் இக்கடிதத்தில் உனக்கு விரிவாக எழுத நினைக்கிறேன்.

முதலில் நாளும் இடமும். சித்திரை விஷு கழிந்த வாரத்தின் சனி, ஞாயிறு என்று முடிவு செய்திருக்கிறோம். கும்பப்பூ அறுவடை முடிந்து, கன்னிப்பூவுக்கு இன்னும் உழவு தொடங்காத இடைவெளி அது. பிள்ளைகளுக்குத் தேர்வும் முடியும் காலம். இரண்டு பருவமழைகளும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் வேறு எந்த மாதத்தைச் சொன்னாலும் யாரேனும் ஒருவர் மழையைக் காட்டி மறுத்துவிடுகிறார். முஞ்சிறைக்கு அருகே ஏலாவை, அதாவது வயல்வெளியை, ஒட்டிய பஞ்சாயத்து மைதானம் இடமாகக் கிடைத்திருக்கிறது. முஞ்சிறையைத் தேர்ந்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும். 866ஆம் ஆண்டு ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து உழக்குடிவிளை என்ற நிலத்தைப் பெற்று, அங்கே திருமால் கோயிலையும், சட்டர்கள் எனப்பட்ட மாணவர் தொண்ணூற்றைந்து பேர் உண்டு உறைந்து படிப்பதற்கான சாலையையும் ஏற்படுத்திய செய்தி செப்பேட்டில் இருக்கிறது. இன்று பார்த்திவபுரம் என்று நாம் அழைக்கும் ஊர் அதுவே. ஆயிரத்து நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்விச்சாலையின் விதிமுறைகள் எழுத்தில் கிடைத்திருக்கின்றன என்பதை இவ்வூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அறியாமலே வளர்கிறார்கள். திருவிழாவின் விதை அந்த ஆதங்கத்திலிருந்துதான் விழுந்தது.

எந்தக் காலத்தை எடுத்துக்கொள்வது என்பதில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, வட்டக்கோட்டை ஆகிய மூன்றும் இல்லாமல் குமரி மாவட்டத்தில் என்ன வரலாற்று விழா என்று பலர் கேட்டார்கள். அரண்மனையின் தொடக்கம் 1601 என்று சொல்லப்படுகிறது. இன்றுள்ள கட்டடங்களில் பெரும்பகுதியும் அவ்விரு கோட்டைகளும் பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மா காலத்தில் உருப்பெற்றவை. மார்த்தாண்டவர்மாவின் படையில் சேர்ந்த டச்சுக்காரர் டிலனாயின் பீரங்கிகளைக் காட்டிவிட்டு இதுதான் இடைக்காலம் என்று பிள்ளைகளிடம் சொல்வது பொய்யாகும். ஆகவே ஆய் மன்னர்களின் செப்பேட்டில் தொடங்கி, 1498இல் போர்த்துகீசியர் மேற்குக் கரையில் இறங்கியதோடு நிறுத்திக்கொள்வது என்று எல்லை வகுத்தோம். கோட்டாற்றுச் சந்தையும் சோழர் கல்வெட்டுகளும் வேணாட்டரசர்களின் தொடக்கமும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

உண்மையான சிக்கல் உடையில்தான் எழுந்தது. தையற்கலை தெரிந்த தொண்டர்கள் மன்னனுக்கும் அரசிக்கும் படைத்தலைவருக்கும் உடைகளின் படங்களை வரைந்துகொண்டு வந்திருந்தார்கள். கோயில் சிற்பங்களைப் பார்த்து உழைத்து வரைந்த நல்ல படங்கள். அவற்றையெல்லாம் பொறுமையாகப் பார்த்து முடித்த பின், எங்கள் குழுவில் எல்லோருக்கும் மூத்தவரான, ஓலைப்பெட்டி முடையும் அக்கா ஒருவர், "ராணிக்கு உடுப்பு செரி, எனக்க பாட்டிக்கப் பாட்டிக்கு என்ன உடுப்பு குடுப்பிய?" என்று கேட்டார். கூட்டத்தில் யாருக்கும் பதில் இல்லை. 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் மூண்டு, 1859இல் அரசாணை வரும்வரை நீண்ட, பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் நம் மாவட்டத்தில் புத்தகச் செய்தியன்று. மார்பை மறைத்ததற்காக அடிபட்ட பெண்களின் வழிவந்தவர்கள் இதே தெருக்களில் வாழ்கிறார்கள். லான்ட்ஸ்ஹூட்டில் ஒருவர் உழவனாகவும் மற்றொருவர் பிரபுவாகவும் வேடமிட்டால், விழா முடிந்ததும் இருவரும் உடையைக் களைந்து வைத்துவிட்டுச் சேர்ந்து பீர் குடிக்கப் போகலாம். இங்கே யார் அரசியாக நடப்பது, யார் பல்லக்குச் சுமப்பது என்று முடிவு செய்யும்போதே பழைய கணக்குகள் அனைத்தும் திறந்துகொள்ளும். வேடமே வேண்டாம் என்று நான் உறுதியாக நின்றேன். அரசனும் ஊர்வலமும் இல்லாமல் ஒரு இடைக்காலத் திருவிழா நடத்துவது என்றும், அக்காலத்தைத் தாங்கி நின்ற உழைப்பே மைதானத்தின் நடுவில் இருக்க வேண்டும் என்றும், தொண்டர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கைத்தறி வேட்டியோ சேலையோ உடுத்துவது என்றும் இறுதியில் ஒப்புக்கொண்டார்கள். படம் வரைந்த பிள்ளைகளுக்கு மனவருத்தம் இருக்கவே செய்தது. விளக்கப்பலகைகளின் ஓவியப் பொறுப்பு முழுவதையும் அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறோம்.

அந்தப் பலகைகளில் என்ன எழுதுவது என்பது அடுத்த போராட்டம். பார்த்திவபுரம் சாலையில் கற்ற தொண்ணூற்றைந்து பேரில் பவிழியத்தார் நாற்பத்தைவர், தயித்திரியத்தார் முப்பத்தறுவர், தலவகாரத்தார் பதினால்வர் என்று செப்பேடே பிரித்துச் சொல்கிறது. மூன்றும் வேதப் பிரிவுகள். சேரும் மாணவருக்கு இலக்கணமும் வேதப் பொருளை ஆராயும் மீமாஞ்சையும் தெரிந்திருக்க வேண்டும், மூன்று நாடுகளின் நடைமுறைகள் தெரிந்திருக்க வேண்டும் என்பன போன்ற விதிகளும், ஒருவரையொருவர் வைதால் தண்டம், ஆயுதத்தோடு அவைக்கு வரக்கூடாது என்பன போன்ற ஒழுங்குகளும் படிக்கப் படிக்க வியப்பைத் தருபவை. அதே வேளையில், இன்று அம்மைதானத்தில் பந்து விளையாடும் பிள்ளைகளின் முன்னோரில் எத்தனை பேருக்கு அந்தச் சாலையின் வாசற்படியில் கால் வைக்க முடிந்திருக்கும் என்ற கேள்வியையும் அதே பலகையில் எழுதியாக வேண்டும் என்பது என் நிலை. அழகியபாண்டியபுரத்தில் பாதுகாக்கப்பட்டு வந்த முதலியார் ஓலைகளில் மனிதரை விற்றதற்கும் ஒற்றி வைத்ததற்குமான ஆவணங்கள் இருக்கின்றன. அந்த வழக்கத்தைத் திருவிதாங்கூர் அரசு ஒழித்தது 1855இல்தான். விழா என்றால் மகிழ்ச்சியாக இருக்கட்டும், இதையெல்லாம் ஏன் கிளற வேண்டும் என்று குழுவில் சிலர் நல்லெண்ணத்தோடே கேட்டார்கள். மகிழ்ச்சிக்கு நான் பகையல்ல. ஆனால் முன்னோர் ஒருவரின் பெயர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர் பட்டியலில் இருந்திருக்கக்கூடிய ஒரு பையன், தன் ஊரின் பழைய பெருமையைப் படிக்கும்போது தன்னை எங்கே வைத்துப் பார்ப்பான் என்பதற்கு நாம் ஏதேனும் ஓர் இடம் காட்ட வேண்டாமா? பள்ளியில் வரலாறு கற்பித்த ஆண்டுகளெல்லாம் இக்கேள்வி என்னை விட்டதில்லை. ஆளடிமை பற்றிய பலகை வேண்டும் என்று பெரும்பான்மை முடிவு செய்தது. வாசகம் இன்னும் இறுதியாகவில்லை.

நான் மிகவும் எதிர்பார்த்திருப்பது பனையேற்றத்தைத்தான். 849ஆம் ஆண்டு வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துக் கிறித்தவ ஆலயமான தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேட்டில், விட்டுக்கொடுக்கப்பட்ட வரிகளுள் ஏணிக்காணமும் ஒன்று. மரமேறுவோரின் ஏணிக்குக்கூட வரி வாங்கிய காலம் அது. அவ்வரியைப் பற்றிப் பலகையில் எழுதுவதைவிட அந்தத் தொழிலைக் கண்முன் காட்டுவதே பொருத்தம் என்று தோன்றியது. விளவங்கோடு வட்டத்தில் இன்னும் தொழில் செய்யும் பனையேறி ஒருவரிடம் பேசப் போயிருந்தோம். அவர் முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து ஏறி, தளைநாரில் பாதங்களைப் பூட்டிக்கொண்டு, அடிமரத்தை மார்போடு அணைத்து அணைத்து மேலே போனார். உச்சியில் மட்டைகளுக்கு நடுவே அமர்ந்து, இடுக்கியால் பாளையை நோகாமல் அழுத்திவிட்டு, அரிவாளால் அதன் நுனியைக் காகிதத்தைப் போல மெல்லியதாகச் சீவினார். அந்தச் சீவல் காற்றில் சுழன்று எங்கள் காலடியில் வந்து விழுந்தது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசாவிட்டால் அக்கானி, அதாவது பதநீர், பொழுது ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதையும், எவ்வளவு பூச வேண்டும் என்பது கைப்பழக்கத்தில் மட்டுமே உள்ளது என்பதையும் இறங்கிய பிறகு விளக்கினார். விழாவுக்கு வர இரண்டு நிபந்தனைகள் வைத்தார். மைக்கில் வேறொருவர் அவர் தொழிலை விளக்கக்கூடாது, அவரே பேசுவார்; அன்றைய கூலியை முழுமையாகத் தர வேண்டும். இரண்டும் நியாயமானவை. அவருடைய மனைவி மைதானத்து ஓரத்தில் அடுப்பு மூட்டி, அக்கானியைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்கிக் காட்டுவார். காய்ச்சும் வேலையே ஏறும் வேலையைவிடக் கடினம் என்று அவர் சொன்னதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சமையல் குழுவுக்குப் போட்ட எல்லைதான் ஊரில் பெரும் பேச்சாகிவிட்டது. 1498க்கு முன் என்றால் வத்தல் மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கும் கொல்லாம்பருப்பு என்கிற முந்திரியும் அன்னாசியும் கிடையாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னர் வந்தவை. மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு இல்லாமல் குமரிக்காரர்களுக்கு விருந்தா என்று கேட்டவர்களுக்கு, அதுவும் தென் அமெரிக்கக் கிழங்கே என்றும், திருவிதாங்கூரில் அது பரவியது 1880களில் மன்னர் விசாகம் திருநாளின் ஊக்கத்தால் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. காச்சில் கிழங்கு, சேனை, பலாக்காய், நல்லமிளகும் (மிளகு) தேங்காயும் வைத்து அரைத்த துவையல், காணம் (கொள்ளு), சிறுபயறு போட்ட கஞ்சி, பனையோலைக்குள் மாவும் கருப்பட்டியும் வைத்து அவித்த ஓலைக்கொழுக்கட்டை, கொடம்புளி போட்டு நல்லமிளகு அரைத்த மீன்குழம்பு என்று பட்டியல் தயாராகியிருக்கிறது. கஞ்சி மண்சட்டியில் வரும். பிலாவிலையை (பலா இலையை) மடித்துக் கோட்டி ஈர்க்கால் குத்தி, அதனால் கோரிக் குடிக்க வேண்டும். பிலாவிலை கோட்டத் தெரியாத பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடத்தின் வாசலிலேயே பாட்டிமார் சிலர் அமர்ந்திருப்பார்கள். காப்பியும் தேநீரும் இல்லை. சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கொதித்த நீர் உண்டு. மீன்குழம்பை முன்னோட்டமாக வைத்துப் பார்த்தோம். வத்தலின் காரம் நாவின் முன்பகுதியிலேயே சுட்டுவிடுகிறது. நல்லமிளகின் காரம் விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல எழுகிறது. கடற்கரையிலிருந்து வந்து சமைத்துக்கொடுத்த அக்காமார் சட்டியை மீதியில்லாமல் காலி செய்ததைப் பார்த்தபின் எனக்கு அச்சம் தீர்ந்தது.

ஞாயிறு காலையில் சிதறால் மலைக்கு ஒரு நடை. அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதால் அங்கே மேடையோ ஒலிபெருக்கியோ வைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நடப்பதும் பார்ப்பதும் மட்டுமே. பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களை எல்லோரும் அறிவார்கள். ஆனால் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்தி என்ற சமண ஆசிரியை அங்குள்ள பகவதிக்குப் பொன்னணி வழங்கிய கல்வெட்டைப் பற்றிப் பேசுபவர் குறைவு. ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மலையில் பெயர் சொல்லி வாழ்ந்த ஓர் ஆசிரியை! அவ்வட்டெழுத்து வரிகளைப் பெண்பிள்ளைகளைக் கொண்டே பிரதியெடுத்துப் பெரிதாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஓலையில் எழுத்தாணி பிடிக்கும் பயிற்சிக் கூடத்தில் அதையே முதற்பாடமாகவும் வைத்திருக்கிறேன்.

மற்ற வேலைகள் எங்கும் உள்ளவையே. காவல் நிலையத்து அனுமதிக்கு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. இரவு பத்து மணிக்குள் வில்லுப்பாட்டை முடித்தாக வேண்டும். பெண்களுக்கான கழிப்பிடங்களும் குடிநீரும் முதலுதவியும் என் பொறுப்பு. ஊர்க் கோயிலாரும் இரண்டு தேவாலயத்தாரும் ஜமாஅத்தாரும் பந்தல், பாத்திரம், நாற்காலி தருவதாக ஏற்றிருக்கிறார்கள். பெருநிறுவனங்களிடம் பணம் வாங்கி நுழைவாயிலில் அவர்கள் பெயரை எழுதுவதில்லை என்றும், வரவு செலவுக் கணக்கை விழா முடிந்த மறுவாரமே நூலகத்தின் சுவரில் ஒட்டுவது என்றும் தீர்மானித்துள்ளோம். பணம் இன்னும் போதவில்லை.

உன்னிடம் கேட்பதற்கு இரண்டு உண்டு. உங்கள் ஊரில் இத்தனை ஆண்டுகளாகத் தொண்டர்கள் சோர்ந்துபோகாமல் எப்படித் தொடர்கிறார்கள், வேலைகளைத் தலைமுறை மாற்றி எவ்வாறு ஒப்படைக்கிறார்கள் என்பதை அங்குள்ளவர்களிடம் விசாரித்து எழுது. இங்கு எல்லாச் சுமையும் நான்கைந்து பேரின் தோளிலேயே இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அடுத்தது, ஆளடிமைப் பலகைக்கான வாசகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கடுமையாக இருந்தால் இருக்கட்டும். ஆனால் யாரையும் புண்படுத்துவதற்காகவே எழுதியது போல ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. உன் கண்ணுக்குப் படும் இடங்களைத் தயங்காமல் அடித்துத் திருத்து. மாசி முதல் வாரத்தில் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும், அதற்குள் வந்துசேரும்படி அனுப்பு.

விடுமுறை கிடைத்து நீயும் வர முடிந்தால், திருவனந்தபுரத்தில் இறங்கும் நாளை முன்கூட்டியே தெரிவி. களியக்காவிளை வழியாக அழைத்துவர ஆள் அனுப்புகிறேன். எழுத்தாணிக் கூடத்துக்கு இன்னும் ஒரு ஆசிரியை தேவைப்படுகிறார்.

அன்புடன்,
உன் தோழி